நெல்லைச் சீமையில் புற்றுநோய், ரத்த நோய் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்து மக்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு வரும்போது ஓ.பி. வராந்தாவிலும் வார்டு வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறோம். உங்கள் ஃபைலைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். நேரம் இல்லாதவர்கள் காய்ச்சல் பற்றிய கேள்வியையாவது படித்துவிடுங்கள். உயிர் போகிற காரியம் அதில்தான் அதிகம்.

கேன்சர்னு சந்தேகம் சொல்லிட்டாங்க. ஆனா அங்க நாலு வித போர்டு தொங்குது. நாங்க யாரப் பாக்கணும்?

கட்டியை அறுவை செய்து எடுப்பவர் சர்ஜிக்கல் ஆன்காலஜிஸ்ட். கீமோ, மாத்திரை, ஊசி மருந்து கொடுப்பவர் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட். கதிர்வீச்சு கொடுப்பவர் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட். ரத்தப் புற்று, தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைவு நோய்), ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), மஜ்ஜை (எலும்புக்குள் ரத்த அணுக்கள் ஊறும் இடம்) வேலை செய்யாத நோய் ஆகியவற்றைப் பார்ப்பவர் ஹெமட்டாலஜிஸ்ட். எல்லா ஊரிலும் நாலு பிரிவும் தனித்தனியாக இருக்காது. சில இடங்களில் ரத்த நோயை மெடிக்கல் ஆன்காலஜியோ பொது மருத்துவமோ குழந்தைகள் பிரிவோ பார்க்கும்.

தவறான வாசலில் நின்றுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். மருத்துவக் கல்லூரியில் இந்தப் பிரிவுகளின் டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுக்கும் கூட்டம் உண்டு. டியூமர் போர்டு என்பார்கள். முதலில் ஆபரேஷனா, முதலில் கீமோவா என்பது அங்கே முடிவாகும். அதனால் "உடனே அறுத்து எடுத்துருங்க" என்று அவசரப்படுத்துவது பல நேரம் நோயாளிக்கு எதிராகவே முடியும். சில கட்டிகளைக் கீமோவால் சுருக்கிய பிறகு எடுப்பதுதான் நல்லது.

மொத தடவ வரும்போது என்னல்லாம் எடுத்துட்டு வரணும்?

பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, சி.டி. அல்லது ஃபிலிம் வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டு வாருங்கள். சுகர், பிரஷர் மாத்திரையும் அதில் சேரும். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இருந்தால் அது, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு ஜெராக்ஸ்.

முக்கியமான இன்னொன்று: வெளியே எங்காவது சதை எடுத்துச் சோதித்திருந்தால் அந்த ஸ்லைடுகளையும் பிளாக்கையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கி வாருங்கள். பிளாக் என்பது மெழுகில் பதித்த உங்கள் சதைத் துண்டு. அது இருந்தால் இங்கே மறுபடி ஊசி குத்தாமலேயே மேல்சோதனை செய்யலாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

பயாப்சி எடுத்தா கத்தி பட்டுப் பரவிரும்னு எங்க ஊர்ல சொல்லுதாங்களே?

பரவாது. முறையாக எடுக்கும் ஊசி பயாப்சியால் நோய் கூடிவிடுவதில்லை. பயாப்சி எடுத்த பிறகு நோய் முற்றியதாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ரிசல்ட் வந்த பிறகும் பயந்துகொண்டு இரண்டு மூன்று மாதம் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், கட்டி அதன்பாட்டுக்கு வளர்ந்துவிடுகிறது.

எந்த வகைப் புற்று என்று தெரியாமல் கீமோவும் தர முடியாது, கதிர்வீச்சும் தர முடியாது. சில நோய்களில் எங்கிருந்து எப்படி எடுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. உதாரணமாக எலும்புக் கட்டியில், பின்னால் ஆபரேஷன் செய்யப்போகும் வழியிலேயே ஊசி போக வேண்டும். அதனால் சிகிச்சை தரப்போகும் இடத்திலேயே பயாப்சியும் எடுப்பது நல்லது.

ஆபரேஷன் பண்ணி எடுத்த சதைய எங்க கையில ஒரு டப்பால குடுத்து லேப்ல குடுக்கச் சொல்லுதாங்க. அதுல நாங்க பாக்க வேண்டியது எதுவும் இருக்கா?

இருக்கிறது. சதை, கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் என்ற திரவத்தில் மூழ்கி இருக்க வேண்டும், சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவம் வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலில் வரும் உப்புத் தண்ணீரில் போட்டால் சதை அழுகிவிடும், ரிப்போர்ட் வராது. டப்பாவின் வாய் அகலமாக இருக்கட்டும். பெரிய கட்டியைச் சிறிய பாட்டிலுக்குள் திணித்தால் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போய்ச் சேராது. பெயர், வயது, எந்தப் பக்கம், எடுத்த தேதி, நேரம் ஆகியவை டப்பாவின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். மூடியில் மட்டும் ஒட்டினால் மூடி மாறும்போது ஆளும் மாறிவிடும்.

மார்பகக் கட்டியென்றால், எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் ஹார்மோன், ஹெர்-2 சோதனைகளுக்காக ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம்தான் கணக்கு. வெள்ளிக்கிழமை எடுத்ததைத் திங்கள்கிழமை கொண்டுபோகலாம் என்று வீட்டில் வைத்துவிடக் கூடாது. மஜ்ஜை, ரத்தம் போன்றவை ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல் வகையைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) போவதாக இருந்தால் அதில் ஃபார்மலினே கூடாது. அது தனிக் குழாயில், உயிரோடு உள்ள செல்களாக அன்றே போக வேண்டும்.

முதுகெலும்புல ஊசி குத்தி மஜ்ஜை எடுக்கப்போறாங்களாம். கால் விளங்காமப் போயிருமா?

மஜ்ஜை எடுப்பது முதுகுத்தண்டில் அல்ல, இடுப்பு எலும்பின் பின்பக்க மேட்டில். அங்கே தண்டுவடம் கிடையாது, கால் விளங்காமல் போக வழியே இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு எடுப்பார்கள். மஜ்ஜையை உறிஞ்சும் நொடியில் காலுக்குள் சுரீர் என்று இழுக்கும், அதை மட்டும் மரத்துப்போகும் ஊசியால் தடுக்க முடியாது. முடிந்ததும் அந்த இடம் அழுந்தும்படி மல்லாந்து படுக்க வேண்டும், அன்று குளிக்கும்போது கட்டு நனையக் கூடாது.

குழந்தைகளின் ரத்தப் புற்றில் நடு முதுகுக்குக் கீழே ஊசி போட்டு மருந்து செலுத்துவதும் உண்டு. அது வேறு. மூளையைச் சுற்றியுள்ள நீரில் நோய் ஒளிந்துகொள்ளாமல் இருக்கச் செய்வது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள். டாக்டர் சொல்லும் நேரம்வரை படுத்திருக்க வேண்டும்.

காப்பீட்டு அட்டை இல்ல. நோய் வந்த பெறகு போட முடியுமா?

முடியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது கொக்கிரகுளம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு. பணம் உங்கள் கைக்கு வராது, மருத்துவமனைக்குப் போகும்.

தடங்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். ரேஷன் கார்டில் "முத்துலெட்சுமி", ஆதாரில் "லட்சுமி" என்று இருந்தால் அனுமதி நிற்கும். கல்யாணமான மகளின் பெயர் இன்னும் அப்பா வீட்டு ரேஷன் கார்டிலேயே இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. முதல் நாளே காப்பீட்டு கவுண்டரில் காட்டிச் சரிபாருங்கள். பெரும்பாலான சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பயாப்சி ரிப்போர்ட் கட்டாயம் கேட்பார்கள்.

இது ஒட்டுவாரொட்டியா? தட்டு, டம்ளரத் தனியா வைக்கணுமா?

இல்லவே இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளைகளைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். கீமோ போட்ட 48 மணி நேரத்துக்கு மட்டும் மூத்திரம், வாந்தியில் மருந்து வெளியேறும். துடைப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றட்டும்.

கீமோ எத்தன நாளைக்கு ஒருக்க? தேரோட்டத்துக்கு ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கலாமா?

பல கீமோக்கள் 21 நாளுக்கு ஒருமுறை. சிலவற்றை வாராவாரமும் போடுவார்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் போடுவார்கள். மருந்து புற்றுச் செல்லை அழிக்கும்போது மஜ்ஜையையும் தாக்கும். வெள்ளணு பொதுவாக 7-ம் நாளிலிருந்து 14-ம் நாளுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கி, 21-ம் நாளுக்குள் ஏறிவிடும். அந்த ஏற்றத்துக்காகத்தான் இடைவெளி விடுகிறார்கள். அதற்கு மேல் தள்ளினால் புற்றுச் செல்களும் தேறிவிடும். ரத்த எண்ணிக்கை ஏறாததால் டாக்டர் தள்ளிவைப்பது வேறு, விசேஷத்துக்காக நாம் தள்ளிவைப்பது வேறு. ஆனித் தேரோட்டமோ கொடை விழாவோ முன்கூட்டித் தெரிந்ததுதானே? முதல் சுற்றின்போதே தேதியைச் சொன்னால் கூட்டமான நாள் இறங்கு நாளில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வருவதற்கு முந்தைய நாளோ அன்று காலையோ ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) பார்த்துவிட்டு வந்தால் அலைச்சல் குறையும். ரத்தம் குழாயில் உறைந்துபோனால் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) பொய்யாகக் குறைந்து காட்டும். 2 லட்சமாக இருந்தது திடீரென்று 20,000 ஆகிவிட்டதாக ரிப்போர்ட் வந்தால், பதறுவதற்கு முன் மறுபடி ஒரு குழாய் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீமோ போட்டு பத்து நாள் ஆகுது. ராத்திரி காய்ச்சல் அடிக்குது. ஒரு டோலோ போட்டுட்டு காலைல வரலாமா?

கூடாது. கீமோ நடக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த நேரமே கிளம்ப வேண்டும், இரவு இரண்டு மணியானாலும் சரி. முன்பு சொன்ன 7 முதல் 14 நாள் இடைவெளியில் காய்ச்சல் வந்தால் வெள்ளணுவில் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போயிருக்கலாம். கிருமியை எதிர்க்க ஆளே இல்லாத நிலை அது. சீழ் கட்டாது, வீங்காது, இருமல்கூட வராது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். டோலோ போட்டால் அந்த அடையாளத்தையும் அழித்துவிடுகிறீர்கள். காலையில் காய்ச்சல் இருக்காது, ஆனால் பிரஷர் இறங்கி, கை கால் சில்லிட்டு, நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போவார்.

ஆஸ்பத்திரி வாசலில் சொல்ல வேண்டியது: "கீமோ போட்டு இத்தனை நாள் ஆகுது, காய்ச்சல் இவ்வளவு." இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். பொதுக் காய்ச்சல் வரிசையில் உட்கார்ந்தால் அந்த நேரம் போய்விடும். ஊர் தூரமாக இருந்தால், அதாவது திசையன்விளையோ சங்கரன்கோவிலோ என்றால், 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு இங்கே வாருங்கள். கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியை வாசல் பக்கம் ஒரு பையில் போட்டு மாட்டி வையுங்கள், கிளம்பும் அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.

ஆசனவாய் வழியாக தெர்மாமீட்டரோ மாத்திரையோ வைக்கக் கூடாது, அங்கே விழும் சிறு கீறல் வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும். காய்ச்சலே இல்லாமல் உடம்பு நடுங்கினாலும், மூச்சு வாங்கினாலும், தொடர்ந்து வயிற்றோட்டம் போனாலும் இதே விதிதான்.

என்ன பத்தியம்? பழைய சோறு, நீத்தண்ணி குடிக்கலாமா?

பெரிய பத்தியம் எதுவும் இல்லை, சுத்தம்தான் பத்தியம். ராத்திரி முழுக்க வெளியில் ஊறிய பழைய சோற்றையும் நீத்தண்ணியையும் கீமோ காலம் முடியும்வரை விட்டுவிடுங்கள். கடை ஜூஸ், நறுக்கி விற்கும் பழம், வேகாத முட்டை, தெருவோரச் சட்னி ஆகியவையும் வேண்டாம். தோல் உரிக்கக்கூடிய வாழைப்பழம், ஆரஞ்சு நல்லது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு நிறைய வேண்டும். "கறி சாப்பிட்டால் கட்டி வளரும்" என்று நிறுத்திவிட்டு எடை இழந்து வருகிறார்கள். எடை குறைந்தால் கீமோவையே குறைக்க வேண்டி வரும்.

வாய்ப்புண் வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொப்பளிக்கலாம். மறுநாளைக்குப் புதிதாகக் கலக்குங்கள். காரமில்லாத சொதி ஊற்றிக் குழைந்த சோறு, ஆறிய கேப்பைக் கூழ், இட்லியை மோரில் பிசைந்தது போன்றவை இறங்கும்.

கரண்டு வைக்கணும்னு சொல்லிட்டாங்க. உடம்பு வெந்துருமா? வீட்ல பிள்ளைகளுக்குப் பாதிக்குமா?

கரண்டு என்று ஊரில் சொல்வது கதிர்வீச்சு. மெஷினிலிருந்து வரும் கதிர் கட்டியில் பட்டு அதோடு போய்விடுகிறது. மேஜையை விட்டு இறங்கிய பிறகு உடம்பில் எதுவும் தங்குவதில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் சி.டி. எடுத்து அளவு போடுவார்கள், தலை கழுத்து நோய்க்கு முகத்துக்கு வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்வார்கள், தோலில் மையால் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டை அழிக்கக் கூடாது. மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம்.

திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் சில நிமிடங்கள். வாய், தொண்டைப் புற்றுக்கு வழக்கமாக ஆறு, ஏழு வாரம் ஆகும். வெளியூர்க்காரர்கள் தினமும் பஸ்ஸில் வந்துபோகத் திட்டம் போட்டுவிட்டு நான்காவது வாரம் வாய் வெந்து, சாப்பிட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். நடுவில் விட்ட நாட்களில் கட்டி மறுபடி தலைதூக்கும், கடைசியில் கூட்டிப் போட்டாலும் அந்த இழப்பு முழுதாகச் சரியாகாது. மூன்றாவது வாரத்திலிருந்தாவது பாளையங்கோட்டையிலேயே உறவுக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். மூக்கு வழியாக உணவுக் குழாய் போடலாம் என்று சொன்னால் மறுக்காதீர்கள், அது தற்காலிகம்தான்.

கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆடும் பல், சொத்தைப் பல்லைப் பிடுங்குவதாக இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே. முடிந்த பிறகு தாடையில் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், பல ஆண்டுகள் கழித்தும் இந்த ஆபத்து உண்டு.

நான் முப்பது வருஷமா பீடி சுத்துதேன். குடிச்சதில்ல. எனக்கும் வருமா?

நுரையீரல், வாய், தொண்டைப் புற்றுக்குப் பீடி புகைப்பதும் புகையிலை மெல்லுவதும் நிச்சயமான காரணங்கள். சுற்றுகிறவர்களுக்குத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறும். இருமல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் அதனால் வரலாம். வாயில் துணி கட்டிக்கொள்ளுங்கள், சமைக்கும் இடத்தில் தட்டை வைக்காதீர்கள், சுற்றியபடியே வெற்றிலை புகையிலை போடும் பழக்கத்தை விடுங்கள். வாயில் மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய்க்குள் மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியாத இறுக்கம், இதில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடமாவது காட்டுங்கள்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு மூலம் புற்றுநோய்ச் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு, குடும்பத்தாருக்கும் சேர்த்து. பில்களையெல்லாம் ஒரிஜினலாக வைத்திருங்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் அட்டையை எப்போதோ வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்ட பெண்கள் நிறைய இருக்கிறார்கள்.

பிள்ளைக்கு ரத்தம் 6 தான் இருக்கு. அது ரத்தக் கேன்சரா?

ரத்தக் குறைவுக்கு மிகப் பொதுவான காரணம் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் ஹீமோகுளோபினோடு பிளேட்லெட்டும் குறைந்திருந்தால், வெள்ளணு மிகக் கூடியோ குறைந்தோ இருந்தால், தோலில் ஊசி முனை போலச் சிவப்புப் புள்ளி, கழுத்தில் நெறி, விடாத காய்ச்சல், ராத்திரியில் கால் எலும்பு வலி என்று அழுகை ஆகியவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ஸ்மியர் சோதனை முதல் துப்பைக் கொடுத்துவிடும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. காரணம் தெரியாமல் மூட்டுவலிக்கோ காய்ச்சலுக்கோ ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் ரத்தப் புற்றுச் செல்கள் சில நாளைக்கு மறைந்துவிடும். பிள்ளை நன்றாகிவிட்டது போலத் தெரியும், மஜ்ஜைச் சோதனையும் குழப்பமாக வரும், பிறகு நோய் முரட்டுத்தனமாகத் திரும்பும். மஜ்ஜை பார்க்கும் முன் ஸ்டீராய்டு எதுவும் கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தம் ஏற்றும் முன்பே சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் கொடுத்தவரின் ரத்தமும் சேர்ந்து காட்டும்.

பிளேட்லெட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஐஸ் பெட்டில வச்சுக் கொண்டுவந்தோம், ஏன் திட்டுதாங்க?

சிவப்பணு குளிரில் இருக்க வேண்டும், 2 முதல் 6 டிகிரி. பிளேட்லெட் அப்படி அல்ல. 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்திருப்பார்கள். ஐந்து நாள்தான் அதற்கு ஆயுள். ஐஸில் வைத்தால் உடம்புக்குள் போனதும் அழிந்துவிடும். கையில் அப்படியே எடுத்து நேரே வார்டுக்கு வந்தால் போதும், வழியில் டீக்கடையில் நிற்காதீர்கள்.

சாதாரணப் பை ஒன்று பிளேட்லெட்டை 5,000 முதல் 10,000 வரை ஏற்றும். ஒரே ஆளிடம் மெஷினில் எடுக்கும் எஸ்.டி.பி. 30,000 முதல் 60,000 வரை ஏற்றும். அதற்குக் கொடையாளியின் பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. ரத்தக் கசிவோ காய்ச்சலோ இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் வழக்கமாக ஏற்றுவார்கள். எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஏற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

கூடப் பொறந்த தம்பியே ரத்தம் குடுக்கத் தயாரா இருக்கான். வேண்டாம்கிறாங்க, ஏன்?

அன்பில் குறை சொல்லவில்லை. மஜ்ஜை வேலை செய்யாத நோயிலும் சில ரத்தப் புற்றுகளிலும் பிறகு மஜ்ஜை மாற்று செய்ய வேண்டி வரலாம். அதற்குச் சிறந்த கொடையாளி அதே தம்பிதான். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்களில் ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. இப்போதே அவர் ரத்தத்தை ஏற்றினால் நோயாளியின் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடும், பின்னால் அவர் மஜ்ஜையைத் தள்ளிவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆபத்தானது. நெருங்கிய உறவினர் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடம்பில் தங்கி அவரையே தாக்கலாம், அது வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். கதிர்வீச்சு காட்டிய ரத்தத்தில் இந்த ஆபத்து இல்லை. தம்பி வேறொரு நோயாளிக்குக் கொடுக்கட்டும், அதற்கு ஈடாக ரத்த வங்கியில் உங்களுக்கு வேறு பை தருவார்கள்.

சி.எம்.எல்.னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. ரத்தம் நார்மல் ஆயிருச்சு. நிறுத்திரலாமா?

நிறுத்தக் கூடாது. சி.எம்.எல். என்பது மெதுவாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்று. அதற்கான இமாட்டினிப் மாத்திரை வழக்கமாக 400 மி.கி. தினமும், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெள்ளணு இறங்குவது முதல் படி மட்டுமே. பி.சி.ஆர்.–ஏ.பி.எல். சோதனையில் (ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது) அந்த எண் 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள்ளும் 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்குள்ளும் வருவது நல்ல போக்கு. மாதத்தில் நாலைந்து நாள் விட்டாலே அந்த இறக்கம் நின்றுவிடும். பம்ப்ளிமாஸ் பழத்தைத் தவிர்க்கவும், அது மருந்தின் அளவை ரத்தத்தில் மாற்றிவிடும். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கு ரெண்டு மாத்திரை குடுத்திருக்காங்க. மெத்தோட்ரெக்சேட்ட தினமும் குடுக்கணுமா?

ரத்தப் புற்றுள்ள பிள்ளைக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்! தினமும் கொடுத்தால் வாய் முழுக்கப் புண்ணாகி, மஜ்ஜை அடங்கி, உயிருக்கே ஆபத்தாகும். தினமும் கொடுப்பது மெர்காப்டோபியூரின். வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து காலண்டரில் வட்டம் போடுங்கள், இரண்டு அட்டைகளையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள், வீட்டில் ஒருவர் மட்டுமே கொடுக்கட்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுச் சிகிச்சை மொத்தம் இரண்டு முதல் மூன்று ஆண்டு. பிள்ளை ஓடியாடும் அந்தப் பிற்பகுதியில் மாத்திரையை நிறுத்துபவர்களிடம்தான் நோய் திரும்பி வருகிறது.

அத்தை மகனத்தான் கட்டுதோம். தலசீமியா டெஸ்ட் எதுக்கு?

ஹெச்.பி.எல்.சி. என்ற ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர். அவருக்கு நோய் இல்லை, சிறிய ரத்தக் குறைவு மட்டுமே. இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பில் நோயுள்ள குழந்தை பிறக்கும். சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே தாத்தா ஆச்சியிடமிருந்து வாங்கியிருக்க வாய்ப்பு கூடுதல். கல்யாணத்துக்கு முன் ஒருவருக்காவது பார்த்துவிடுங்கள். அவருக்கு இல்லையென்றால் கவலை இல்லை. கர்ப்பமான பிறகுதான் தெரிந்தது என்றால் 10 முதல் 12 வாரத்தில் கருவைச் சோதிக்க முடியும்.

நோயுள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், கூடவே சேரும் இரும்பை வெளியேற்ற டெஃபராசிராக்ஸ் போன்ற மருந்து. ரத்தம் குறைவு என்று கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

காதுகுத்துல ரத்தம் ரெண்டு நாளா நிக்கல. ஹீமோபிலியாங்காங்க. இனி எப்படிப் பாத்துக்கிடணும்?

காதுகுத்து, சுன்னத், முதல் பல் விழுவது ஆகியவற்றில்தான் இந்த நோய் பல வீடுகளில் வெளியே தெரிகிறது. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு. தாய் வழியில் யாருக்காவது இருந்தால் இந்தச் சடங்குகளுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபினாக் கூடாது. தசையில் ஊசி கூடாது. வலிக்கு பாராசிட்டமால் போதும்.

மூட்டு சூடாகி, குறுகுறுப்பு தெரிந்ததுமே ஃபேக்டர் (ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்) ஊசி போட வேண்டும், வீங்கும்வரை காத்திருந்தால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். ஃபேக்டர்-8 என்ற வகையை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் என்று போட்டால் ரத்தத்தில் அதன் அளவு 2 சதவீதம் ஏறும். 20 கிலோ பிள்ளைக்கு 40 சதவீதம் ஏற்ற 400 யூனிட். தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஃபேக்டரை இலவசமாகத் தருகிறார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவும் தலசீமியாவும் சேர்ந்திருப்பதால் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.

சித்த மருந்தையும் சேத்துச் சாப்பிடலாமா?

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே போகிறவர்கள் இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. ஒளிப்பதுதான் கெடுதல். கல்லீரல் எண்கள் ஏறும்போது காரணம் கீமோவா, வேறு மருந்தா என்று தெரியாமல் கீமோவை நிறுத்த வேண்டியிருக்கும். கீமோ நடக்கும் மாதங்களில் வேறு எந்தச் சூரணமும் பற்பமும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பெயர் சொல்லாமல் பொட்டலம் தருபவரிடம் எந்த நாளும் வாங்க வேண்டாம்.

படிக்கிற டாக்டருங்க வந்து வந்து கேக்காங்க. ஆராய்ச்சின்னு கையெழுத்தும் கேக்காங்க. போடலாமா?

பி.ஜி. டாக்டர்கள் எம்.பி.பி.எஸ். முடித்து மேல்படிப்பு படிப்பவர்கள், ராத்திரி காய்ச்சலோடு வரும்போது முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். ஒரே கதையைப் பல பேர் கேட்பது அலுப்புதான், ஆனால் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பதும் அதனால்தான்.

ஆராய்ச்சிக் கையெழுத்து வேறு. 2019-ம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளின்படி, தமிழில் எழுதிய தகவல் தாளைத் தந்து, கேள்வி கேட்க நேரம் தந்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னாலும் நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வால் பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவு அவர்களுடையது. தாளின் ஒரு நகலும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று தாராளமாகச் சொல்லலாம்.

திருவனந்தபுரமோ வேலூரோ போனாத்தான் சரியாகுமா?

பெரும்பாலான கீமோவும் கதிர்வீச்சும் எங்கே கொடுத்தாலும் ஒரே மருந்து, ஒரே அளவு. மஜ்ஜை மாற்று, அரிய கட்டிகள், சில சிறப்புச் சோதனைகள் ஆகியவற்றுக்கு வெளியே போக வேண்டி வரலாம், அப்போது டாக்டரே எழுதித் தருவார். போவதாக இருந்தால் முதல் கீமோ போடுவதற்கு முன் போங்கள். இரண்டு சுற்று இங்கே, இரண்டு அங்கே என்று மாற்றினால் கணக்கு குழம்பும். இரண்டாவது கேள்வியில் சொன்ன ஸ்லைடும் பிளாக்கும் கூடவே போக வேண்டும்.

ரயிலில் சிகிச்சைக்குப் போய்வர மருத்துவமனை தரும் படிவத்தில் சான்று வாங்கினால், புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஹீமோபிலியா, தலசீமியாவுக்கும் தனிச் சலுகை உண்டு.

மார்பின் குடுத்துட்டாங்க. அப்ப இனி ஒண்ணும் இல்லையா?

மார்பின் கடுமையான வலிக்குத் தரும் மருந்து. வலி இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். சிகிச்சை நடக்கும்போதே மார்பின் எடுத்து, வலி குறைந்ததும் படிப்படியாக நிறுத்தியவர்கள் உண்டு. சாதாரண மார்பின் மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வந்த பிறகு போடுவது தவறு, மணி பார்த்துப் போட வேண்டும். டாக்டர் எழுதியிருந்தால் படுக்கும்போது இரட்டை அளவு போட்டு ராத்திரி தூங்கலாம். வலிக்காக எடுப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் கட்டாயம் வரும், முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காததால் வயிறு உப்பி, மார்பின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். கூப்பிட்டாலும் விழிக்காத மயக்கம், மூச்சு மெதுவாவது தெரிந்தால் உடனே கொண்டுவர வேண்டும்.

அம்மைக்குக் கேன்சர்னு சொல்லாமலே வைத்தியம் பாக்க முடியுமா? தெரிஞ்சா ஒடஞ்சிருவா.

முடி கொட்டும், வார்டு வாசலில் போர்டு இருக்கும், பக்கத்துப் படுக்கைக்காரர் பேசுவார். பெரும்பாலான அம்மைமார் முன்பே ஊகித்துவிட்டு, பிள்ளைகள் வருந்தக்கூடாது என்று தெரியாதது போல இருக்கிறார்கள். சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்தும் அவர் போட வேண்டியது, சுயநினைவுள்ள பெரியவருக்குப் பதிலாக மகன் போட்டுவிட முடியாது. தெரியாதவருக்குக் காய்ச்சலின் ஆபத்தும் புரியாது, "லேசான காய்ச்சல்தானே" என்று படுத்துவிடுவார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. உள்ளே வருவதற்கு முன் டாக்டரிடம் "அம்மைக்கு இன்னும் தெரியாது" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். டாக்டர் முதலில் அவரிடமே, "உங்களுக்கு என்ன செய்யுதுன்னு நீங்க நெனைக்கீங்க? எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லவா, மகன்கிட்டச் சொல்லவா?" என்று கேட்பார். மகனிடம் சொல்லுங்கள் என்று அவரே சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவு, அதன்படியே செய்வார்கள். கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள்.